ரெண்டரை குரோஸ்

2025 ஏப்ரல் 13, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒன்பதேகாலுக்குக் கடைசி அட்டையை ஒட்டி முடித்தேன். குரோதி வருஷத்தின் கடைசி நாள், மறுநாள் விசுவாவசு. 2024 ஏப்ரல் 14, சித்திரை ஒண்ணாம் தேதி ஆரம்பித்தது இது: தினம் ஒரு குவில்லிங். ஒரு நாள்கூட விடாமல் 365 அட்டை. முடிக்கிற அன்று பெரிதாக ஏதாவது தோன்றும் என்று ஒரு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். பசை காயட்டும் என்று ஃபேனைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். கொசு கடித்தது. அவ்வளவுதான்.

குவில்லிங் என்றால் தெரியாதவர்களுக்கு: பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் காலேஜ் பெண்கள் காதிலெல்லாம் பேப்பர் ஜிமிக்கி ஆடியதே, அதுதான். மூணு மில்லிமீட்டரோ அஞ்சு மில்லிமீட்டரோ அகலமுள்ள காகித நாடாவை ஊசியில் சுற்றி, சுருளாக்கி, அந்தச் சுருளை விரலால் கிள்ளி இலையாக, மாங்காயாக, கண்ணாக மாற்றி ஒட்டுவது. எங்கள் எதிர்வீட்டுப் பையன் இதற்கு வைத்த பெயர் பேப்பர் முறுக்கு. இதைவிடச் சரியான பெயர் எனக்குத் தெரியவில்லை.

நான் சிவகாசியில் ஒரு காலண்டர் பிரஸ்ஸில் பில்லிங் பார்க்கிறேன். எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு ஒரு வியாதி உண்டு: நாங்கள் இந்த வருஷத்தில் வாழ்வதே இல்லை. ஆடிப்பெருக்கு அன்று அடுத்த வருஷக் காலண்டர் ஆல்பம் வெளிவந்துவிடும். அதிலிருந்து அடுத்த வருஷத்து அமாவாசை, அடுத்த வருஷத்து முகூர்த்த நாள், அடுத்த வருஷத்து லீவு என்றே பேச்சு. இன்றைக்கு என்ன தேதி என்று யாராவது கேட்டால் செல்போனைப் பார்த்துத்தான் சொல்வேன். லட்சக்கணக்கான தினசரி காலண்டருக்கு பில் போடுகிறவள் பிழைப்பு இது. நாற்பது வயசு ஆன அன்று இது கொஞ்சம் உறுத்தியது. தேதி போட்டு ஏதாவது ஒன்று தினமும் செய்ய வேண்டும் என்று அப்போது நினைத்தேன். அது குவில்லிங் ஆனதற்குக் காரணம் எங்கள் பிரஸ்ஸின் குப்பை.

அச்சடிக்கிறபோது படத்தைத் தாளின் ஓரத்துக்கு வெளியே கொஞ்சம் நீட்டி அடிப்பார்கள். ப்ளீட் என்று பேர். வெட்டும்போது கத்தி ஒரு மயிரிழை நகர்ந்தாலும் வெள்ளைக்கோடு தெரியக்கூடாது என்பதற்காக. வழக்கமாக அந்த நீட்டல் மூணு மில்லிமீட்டர். கட்டிங் மெஷின் கத்தி இறங்கியதும் அந்த மூணு மில்லிமீட்டர் சேவை மாதிரி கொத்துக் கொத்தாகக் கீழே விழும். லட்சுமியின் சேலை ஓரம், முருகனின் மயில் ஓரம், ஏதோ வெளிநாட்டு மலையின் வானம். சாயங்காலம் மூட்டை கட்டி வேஸ்ட் பேப்பருக்குப் போகும். கடையில் காசு கொடுத்து வாங்குகிற குவில்லிங் நாடாவின் அகலமும் அதே மூணு. இதைக் கவனித்த அன்று எனக்குக் கை பரபரத்தது.

ஆனால் பாதிதான் உதவும் என்பது பிறகுதான் தெரிந்தது. ஆர்ட் பேப்பரின் பளபளப்பு ஒரு பூச்சு. அதை இறுக்கி உருட்டினால் பூச்சு வெடித்து வெள்ளை வெள்ளையாகக் கீறல் விழும், பசையும் சரியாகப் பிடிக்காது. டைரி உள்தாளுக்குப் போடுகிற மேப்லித்தோதான் சொன்னபடி கேட்கும். அதிலும் கிரெயின் பார்க்க வேண்டும். காகிதத்துக்குள் நார் ஒரு திசையில் ஓடும். நாடாவின் நீளத்தோடு நார் ஓடினால் உருட்டும்போது அடம்பிடித்து விறைக்கும், குறுக்கே ஓடினால் பூனைக்குட்டி மாதிரி சுருண்டுகொள்ளும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது கட்டிங் மெஷின் அண்ணன். "கிழிச்சுப் பாருங்க மேடம், நேரா கிழிஞ்சா அதான் கிரெயின்" என்றார். மாதம் ஒரு பை தனியாக எடுத்து வைத்துவிடுவார். எதற்கு என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

அடியில் ஒட்டுகிற அட்டையும் பிரஸ் குப்பைதான். பிழையாக அடித்துக் கழித்துப்போட்ட விசிட்டிங் கார்டுகள். முன்பக்கம் யாரோ ஒருவரின் செல் நம்பரில் ஒரு எண் குறையும். பின்பக்கம் எனக்கு. ஊசி மட்டும் சொந்தச் செலவு: கோணி ஊசியின் காதை நுனியில் வெட்டிவிட்டால் கவட்டை மாதிரி ஆகிவிடும். அதில் காகித முனையைச் செருகிச் சுற்ற வேண்டும்.

மூன்றாம் நாள் அம்மா கேட்டாள். "இதுக்குக் குரோஸுக்கு எம்புட்டுடி?"

வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். குரோஸ் என்றால் 144. எங்கள் ஊரில் தீப்பெட்டிக் கணக்கு, வெடிக் கணக்கு, கூலிக் கணக்கு எல்லாம் குரோஸ்தான். அம்மா பதினொரு வயதிலிருந்து வீட்டில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டியவள். கல்யாணத்துக்கு அப்புறம் வெடிக்குக் குழாய் உருட்டினாள். கம்பியில் காகிதத்தைச் சுற்றி, பசை தடவிய முனையை அழுத்தி, கம்பியை உருவி எறிவது. அதாவது நான் இந்த ஒரு வருஷம் செய்ததையேதான். நான் ஒரு நாளைக்கு ஒன்று, அவள் ஒரு நாளைக்கு எத்தனையோ குரோஸ். எனக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டியது அந்த உருட்டல்தான். இதற்குக் கூலி இல்லை, சும்மாதான் செய்கிறேன் என்று சொன்னதும் அவள் முகம் போன போக்கு இருக்கிறதே. சோறு கொட்டிப்போனதைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

சிவகாசியில் காகிதம் உருட்டுவது கலை இல்லை. கண்டிப்பாக இல்லை. 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொண்டு திரும்பியதிலிருந்து இந்த ஊர் காகிதத்தைச் சுற்றி ஒட்டித்தான் சாப்பிடுகிறது. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்தது, அதற்கு அச்சகம் வந்தது, அச்சகத்துக்குப் பின்னாலேயே காலண்டர் வந்தது. தரைச் சக்கரத்தைப் பிரித்துப் பார்த்திருக்கிறீர்களா? மருந்து அடைத்த காகிதக் குழாயை வட்டமாகச் சுற்றி ஒட்டியிருப்பார்கள். உலகத்திலேயே அதிகம் விற்ற குவில்லிங் அதுவாகத்தான் இருக்கும் என்று நான் அடித்துச் சொல்வேன். என்ன, ஒரு நிமிஷத்தில் எரிந்துவிடும்.

ஐரோப்பாவில் இந்தக் கலையைக் கன்னியாஸ்திரி மடங்களில் வளர்த்தார்கள் என்று சொல்வார்கள். புனித நூல்களின் தங்க முலாம் பூசிய ஓரத்தை வெட்டும்போது விழுந்த துண்டுகளை இறகின் தண்டில் சுற்றி, பொன்கம்பி வேலைப்பாடு மாதிரி சட்டங்களை அலங்கரித்தார்களாம். பொன் வாங்கக் காசில்லாத மடங்களின் யுக்தி. இறகுத் தண்டுக்கு ஆங்கிலத்தில் குவில், அதிலிருந்துதான் குவில்லிங். ஆக அவர்களுடையதும் கட்டிங் வேஸ்ட். இதைப் படித்த அன்று கட்டிங் அண்ணனிடம் சொன்னேன். "அப்பவே நம்ம தொழில் இருந்திருக்கு" என்றார். பிற்பாடு இங்கிலாந்தில் இது பெரிய வீட்டுப் பெண்களின் பொழுதுபோக்காக மாறியது. 1791-இல் மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் மகள் எலிசபெத்துக்கு அரண்மனைத் தச்சர் 15 அவுன்ஸ் வண்ணக் காகித நாடாவும் ஒரு அவுன்ஸ் தங்கக் காகிதமும் பூட்டுப் போட்ட பெட்டியும் செய்து கொடுத்த கணக்கு இருக்கிறது. அம்மாவிடம் இளவரசி கதையையும் சொன்னேன். "அவளுக்கு அரிசி யாரு வாங்கிப் போட்டா?" என்று கேட்டாள்.

முதல் மாதம் கத்திரி வெயில். குவில்லிங் செய்யும்போது ஃபேன் போட முடியாது, நாடா பறக்கும். மே மாதம் சிவகாசியில் ஃபேன் இல்லாமல் அரைமணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். பசை ஊசிமுனையிலேயே காய்ந்துவிடும், மூக்கு நுனியிலிருந்து ஒரு சொட்டு வியர்வை சரியாகச் சிவப்பு நாடாவில் விழும், சாயம் இறங்கும். அப்படி இறங்கிய அட்டைகள் எட்டு இருக்கின்றன. மழைக் காலத்தில் எதிர்மாறான தொல்லை. காகிதம் ஈரத்தைக் குடித்துத் தொய்ந்துபோகும். ஊசியிலிருந்து சுருளை விட்டால் டப்பென்று விரிய வேண்டும். அது சோம்பேறி மாதிரி அப்படியே கிடக்கும்.

26-ஆம் அட்டையைப் பற்றிச் சொல்லாமல் தாண்ட முடியாது. 2024 மே 9. அன்றுதான் செங்கமலப்பட்டி பட்டாசு ஆலை வெடிவிபத்து. ஆபீஸில் எல்லாரும் போனைக் கையில் வைத்துக்கொண்டு யார் வீட்டு ஆள், எந்த ஷெட் என்று விசாரித்துக்கொண்டிருந்தோம். இந்த ஊரில் எல்லாருக்கும் அங்கே ஒரு ஆள் இருக்கும். ராத்திரி அட்டையின் முன்னால் உட்கார்ந்தேன். பூவா செய்வது? ஒரு வெள்ளை நாடாவைச் சுற்றி, கிள்ளாமல், நடுவில் ஒட்டினேன். அம்மா பார்த்தாள். அன்றைக்குக் கூலிக் கணக்கு எதுவும் கேட்கவில்லை.

இப்போது 365-ஐயும் பரப்பிப் பார்க்கும்போது ஒன்று தெரிகிறது. நன்றாக வந்த அட்டைகள் எந்த நாளுடையவை என்று எனக்கு நினைவே இல்லை. மயில், தாமரை, செம்பருத்தி எல்லாம் பார்க்க லட்சணமாக இருக்கின்றன, ஆனால் ஊமை. கோணல்மாணலாக வந்தவை மட்டும் பேசுகின்றன. இது பஸ்ஸில் உட்கார்ந்து மடியில் செய்தது. இது காய்ச்சலில். இது தம்பியோடு சண்டை போட்டுவிட்டு, பதினொண்ணே முக்காலுக்கு, பசை டப்பாவை உதைத்துக் கவிழ்த்துவிட்டு. 283-ஆம் அட்டையில் இருப்பது மதுரையில் அம்மாவின் கண் ஆபரேஷன் அன்று மருந்துக்கடையில் கொடுத்த பில். கையில் வேறு காகிதம் இல்லை. அதைக் கிழித்து, ஹேர்பின்னில் சுற்றினேன். மெஷினில் வருகிற அந்த பில்லின் எழுத்து தானாக வெளிறிவிடும் என்று பிறகுதான் உறைத்தது. இப்போது அது மங்கலாகிவிட்டது, அடுத்த வருஷம் வெறும் வெள்ளைச் சுருள்தான்.

112 ஆடிப்பெருக்கு, ஆகஸ்ட் 3. ஆபீஸில் ஆல்பம் வெளியீட்டுக் கூட்டம், ஏஜென்ட்டுகள், கேசரி. வீட்டில் அம்மா பூஜைக்குக் காதோலை கருகமணி வாங்கி வைத்திருந்தாள். வருஷா வருஷம் பார்க்கிற பொருள்தான். அன்றைக்குத்தான் கையில் எடுத்து உற்றுப் பார்த்தேன். பனையோலை நறுக்கைச் சுருட்டி வட்டமாக்கியது. அந்தக் காலத்தில் வளர்த்த காதுத் துளையில் பெண்கள் ஓலைச் சுருளைத்தான் செருகிக்கொண்டார்கள். பொன்னில் தோடு செய்த பிறகும் ஓலை என்ற பெயர் நகைக்கு ஒட்டிக்கொண்டு நின்றது. மடமும் இளவரசியும் இருக்கட்டும், நம் ஊர்ப் பாட்டிகள் காதிலேயே இறுக்கச் சுருள் இருந்திருக்கிறது. அன்று செய்தது மஞ்சள் நாடாவில் ஒரு காதோலை. சுமாராகத்தான் வந்தது.

ஐப்பசி, கார்த்திகை எங்களுக்கு சீசன். ஆபீஸிலிருந்து வீடு வரப் பத்து மணி. அந்த இரண்டு மாதத்து அட்டைகளைப் பார்த்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஒரு வட்டம், பக்கத்தில் ஒரு வட்டம், இலை என்று சொல்லிக்கொள்ள ஒரு கிள்ளல். நவம்பர் 27 அன்று அதுவும் முடியவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு அப்படியே தரையில் சாய்ந்தேன். கண் விழித்தால் மணி பதினொண்ணரை. அம்மா விளக்கடியில் உட்கார்ந்து என் ஊசியை ஒதுக்கிவைத்துவிட்டு, வெறும் விரலால் நாடாவைச் சுற்றிக்கொண்டிருந்தாள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும்தான் அசைந்தன. அவ்வளவு இறுக்கத்தில் நான் ஒரு சுருள்கூடப் போட்டதில்லை, நடுவில் ஊசி நுழையும் ஓட்டைகூடக் கிடையாது. ஆனால் அப்போது இரண்டு கண்ணிலும் புரை முற்றியிருந்தது. கடைசி முனை அவளுக்குத் தெரியவில்லை. தடவிப் பார்த்து ஒட்டினாள், அது ஒரு நூல் தள்ளி ஒட்டிக்கொண்டது, பசை வெளியே பிதுங்கியது.

"நானே செய்யணும்னு கணக்கும்மா" என்றேன்.

"எழுந்திருச்சு சாப்பிடு. யாரு உருட்டுனா என்ன, எண்ணிக்கைதான முக்கியம்" என்றாள்.

228 என்று எழுதி வைத்தேன்.

மார்கழி பிறந்ததும் சீசன் ஓய்ந்தது. 29 நாளும் 29 கோலம் என்று முடிவுசெய்தேன். இந்த வருஷத்தில் நான் உண்மையில் கற்றுக்கொண்டது அந்த 29 நாளில்தான். கோலத்துக்கு நாடாவைச் சுருட்டக்கூடாது. விளிம்பில் நிறுத்தி, கோடு போகிற வழியில் வளைத்துக்கொண்டே போக வேண்டும். ஒரு தட்டில் பசையை மெல்லிசாகத் தேய்த்து, நாடாவின் அடிவிளிம்பை அதில் தொட்டு எடுத்து அட்டையில் நிறுத்துவது. பூக்கோலம் சுலபம். சிக்குக் கோலத்தில்தான் மாட்டிக்கொண்டேன். அதன் அழகே கை எடுக்காமல் ஒரே கோடாகப் போய்த் தன்னைத்தானே வெட்டிக்கொண்டு திரும்பி வருவது. மாவில் போடும்போது கோட்டின் மேல் கோடு ஏறும். நின்றுகொண்டிருக்கிற காகிதத்தின் மேல் காகிதம் ஏறாது, சுவர் மாதிரி முட்டும்.

முதல் நான்கு நாள் ஒவ்வொரு சந்திப்பிலும் நாடாவை வெட்டி வெட்டி ஒட்டினேன். பார்க்கக் கோலம்தான், ஆனால் பொய். ஒரே கோடு இல்லையே. அஞ்சாம் நாள் ஆபீஸில் பார்சல் பிரிக்கும்போது அட்டைப்பெட்டிக்குள் இருக்கிற தடுப்பைப் பார்த்தேன். ஒரு அட்டையில் மேலிருந்து பாதி வெட்டு, இன்னொன்றில் கீழிருந்து பாதி வெட்டு, இரண்டையும் ஒன்றுக்குள் ஒன்று செருகியிருப்பார்கள். அதையே மூணு மில்லிமீட்டரில் செய்தேன். கோடு முதல் தடவை போகும்போது மேலே ஒன்றரை மில்லிமீட்டர் வெட்டு, திரும்பி வந்து வெட்டும் இடத்தில் கீழே ஒன்றரை. பிளேடு முனையால், மூச்சைப் பிடித்துக்கொண்டு. மூணு புள்ளிக் கோலம் ஒன்றுக்கு ஒன்றே முக்கால் மணி நேரம். கடைசி வெட்டு செருகி உட்கார்ந்து, ஒரே நாடா ஆரம்பித்த இடத்துக்கே திரும்பி வந்தபோது விடிய ஆரம்பித்திருந்தது. வாசலில் பக்கத்து வீட்டு அக்கா அதே மூணு புள்ளியை இரண்டு நிமிஷத்தில் போட்டுவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

தையில் அம்மாவுக்கு ஒரு கண், மாசியில் இன்னொன்று. அதற்கப்புறம் கடைசி இரண்டு மாதம் ஓடியதே தெரியவில்லை. கை பழகிவிட்டது. பழகிய கை செய்ததெல்லாம் அந்த ஊமை அட்டைகளில்தான் சேரும், எழுத ஒன்றுமில்லை.

திங்கட்கிழமை வருஷப் பிறப்பு. மாங்காய்ப் பச்சடியெல்லாம் முடிந்து, சேலைப் பெட்டியிலிருந்து அட்டைகளைக் கூடத்தில் கொட்டினேன், ராமபாணப் பூச்சி அரிக்காமல் வசம்பு போட்டு அடுக்கலாம் என்று. அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். புதுக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்தாள். பார்க்கிறாள் என்று நினைத்தேன். இல்லை, எண்ணினாள். தீப்பெட்டி எண்ணுகிற மாதிரி, அஞ்சஞ்சாக.

"முன்னூத்தி அறுபத்தஞ்சு. ரெண்டரை குரோஸ், அஞ்சு மிச்சம்" என்றாள். பிறகு, "ஒரு வருஷமா!" என்று சிரித்தாள். அவளுக்கு அது அரை நாள் வேலை.

சிரித்து முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து எடுக்க ஆரம்பித்தாள். இந்தத் தடவை மெதுவாக, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். அவ்வப்போது ஒன்றைத் தனியாகத் தள்ளினாள். ஒட்டிய பெட்டிகளை எண்ணி வாங்குகிற டெப்போவில் கணக்கப்பிள்ளை இப்படித்தான் கழிப்பானாம், குரோஸ் சரியாக நிற்க வேண்டுமே. சாயம் இறங்கியதில் ஒன்று, காய்ச்சல் நாளுடையது ஒன்று, இலை பிய்ந்தது ஒன்று, சண்டை நாளுடையது ஒன்று. 26-ஐக் கையில் எடுத்துக் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள், நல்ல பக்கமே வைத்தாள். அஞ்சாவதாகத் தள்ளியது 228.

"அம்மா, அது..."

"யாரு உருட்டுனதுன்னு எனக்குத் தெரியாதாக்கும்" என்றாள். "முனை தள்ளி ஒட்டியிருக்கு பாரு. இதை நான் வாங்க மாட்டேன்."